தட்டுக் களஞ்சியத்திற்கு அட்டவணை வகுக்கும் முறை

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் ஒருவர் எழுதியது)

செல்வத்தை ஈட்டுதல் ஒன்று. ஈட்டியதைக் காத்தல் மற்றொன்று. காத்ததை வேண்டியபொழுது எடுத்துப் பயன்கொள்ளுதல் பிறிதொன்று. இம்மூன்றனுள் முதலிரண்டையும் பெரிதெனப் போற்றும் உலகம் மூன்றாவதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. நூலாயினும், ஏட்டுச்சுவடியாயினும், இசைத்தட்டாயினும், தேடுவார்க்கு அகப்படாத பொருள் இல்லாத பொருளோடு ஒக்கும். ஆதலின், சேமித்து வைத்த தட்டுகளின் உள்ளுறையைத் தேடிக் காணுதற்குரிய அட்டவணை ஒன்றை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதனை இக்கட்டுரையின்கண் ஒருவாறு ஆராய்வாம்.

1. எங்கள் ஊர்த் தட்டுகள்

திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிக்கப்பெற்று 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தோன்றிய தென்காசி மாவட்டத்தின்கண் உள்ளது சங்கரன்கோவில். நெசவுத் தொழிலுக்கும் ஆடித்தபசு விழாவுக்கும் பேர்பெற்ற இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், திருமணம், காதணிவிழா, கோயிற்கொடை முதலியவற்றிற்கு ஒலிபெருக்கி அமைத்துத் தருவோர் பலர் உளர். மக்கள் வழக்கில் ‘மைக்செட்’ என்று கூறப்படும் இந்நிலையங்களே நம் நாட்டுப்புறத்தின் இசைக் களஞ்சியங்கள் எனலாம். அரக்காற் செய்த பழைய கிராமபோன் தட்டுகளும், பின்வந்த நீளிசைத் தட்டுகளும், ஒலிநாடாக்களும், வெள்ளி போல் மின்னும் குறுவட்டுகளும் அங்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்.

எத்தட்டு எப்பெட்டியில் உள்ளது என்பதை நிலையத்தின் உரிமையாளர் ஒருவரே அறிவார். அவர் கை இருளிலும் வேண்டிய தட்டைத் தேடி எடுக்கும். அவருடைய நினைவே அக்களஞ்சியத்தின் அட்டவணை. ஆயினும், நினைவு முதுமையுறும். மனிதனோடு மறைந்தும் போம். அவர்க்குப் பின் வருவோர் பெட்டியைத் திறந்து, உள்ளே யாது உளது என்று அறியமாட்டாராய், அத்தனையையும் பழைய பொருள் வாங்குவாரிடம் எடைக்குப் போடுவர். எனவே, அட்டவணை இல்லாமையால் நேரும் இழப்பு வெறும் காலவிரயம் அன்று, பொருளையே இழத்தலாம். சென்ற கோடை விடுமுறையில் இத்தகைய நிலையம் ஒன்றன் தட்டுகளை வரிசைப்படுத்தும் பணியில் யானும் உடனிருந்தேன். ஈண்டுக் கூறப்படும் முறை அப்பணியின்கண் பயின்றதேயாம்.

எங்கள் ஊர்க்கு இதில் தனியுரிமையும் ஒன்று உண்டு. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்திற் பிறந்தவர். ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவரால் ஆதரிக்கப்பெற்றவர். கழுகுமலை முருகன்மீது சிந்து பாடியவர். முப்பதாண்டு நிரம்புமுன்னரே மறைந்தவர். இந்தியாவில் வாணிக முறையில் ஒலிப்பதிவு தொடங்கியது 1902-ஆம் ஆண்டு, கல்கத்தாவில். அதற்குப் பத்தாண்டுக்கு மேலாகவே அப்புலவர் காலமாகிவிட்டார். ஆதலின் அவர் குரல் எத்தட்டிலும் இல்லை. அவர் பாட்டுகளைப் பிறர் பாடிய தட்டுகளோ உள. ஆனால், பழைய தட்டின் முகப்புத்தாளில் பாடியவர் பெயரும் பாட்டின் முதற்சொற்களும் இருக்கும்; இயற்றியவர் பெயர் இருக்குமென்னும் உறுதி இல்லை. அங்ஙனமாயின், தம் ஊர்ப்புலவர் பாட்டுகள் தம் ஊர்ப் பெட்டியிலேயே இருந்தும், அவர் பெயரால் தேடுவார்க்கு ஒன்றும் கிட்டாது. இக்குறையை நீக்கவல்லது நல்ல அட்டவணை ஒன்றே.

2. முன்னோர் கண்ட வழிகள்

அட்டவணைக் கலை மேனாட்டிலிருந்தே வந்தது என்று கருதுவாரும் உளர். தமிழ் நூல்களைத் தொகுத்த பெரியோர் இக்கலையை நன்கு அறிந்தவராவர். அகநானூற்றை நோக்குக. அதன் நானூறு பாட்டுகளுள் ஒற்றைப்படை எண் பெற்றன யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தின் மடங்காயின நெய்தல். 254-ஆம் பாட்டு யாது திணை என்று வினவின், ஏட்டைப் புரட்டாமலே முல்லை என்று விடை கூறலாம். எண்ணே பொருளையும் உணர்த்துமாறு அமைத்த திறம் வியத்தற்குரியது.

புறநானூற்றுப் பாட்டின் கீழே திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் என்னும் குறிப்புகள் உள்ளன. இக்காலத்தார் ‘தரவைப் பற்றிய தரவு’ என்று கூறுவது இதுவே. குறுந்தொகையிலோ, பெயர் தெரியாத புலவரைப் பெயரற்றவராக விட்டுவிடாது, அவர் பாட்டில் வந்த சிறந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கினர். பெயர் இல்லாத பொருளைச் சுட்டவும் தேடவும் இயலாது என்பதனை அவர் உணர்ந்திருந்தனர்.

இனி, வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியைக் காண்போம். அது பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. சொல்லை அறிந்து பொருளைத் தேடுவான் பெயரகராதியுட் புகுவான்; பொருளை அறிந்து சொல்லைத் தேடுவான் பொருளகராதியுட் புகுவான்; மூவேந்தர், ஐம்பொறி என எண்ணால் தொகுத்தனவற்றை நாடுவான் தொகையகராதியை எடுப்பான்; எதுகை வேண்டும் புலவன் தொடையகராதியை நாடுவான். களஞ்சியம் ஒன்று, வாயில்கள் நான்கு. தேடுவான் எதனை அறிந்தவனாக வருகின்றானோ அவ்வாயிலைத் திறந்துவைத்தலே அட்டவணையின் முதற்கடன் என்னும் உண்மையை இந்நூல் நமக்குக் கற்பிக்கின்றது.

1865-ஆம் ஆண்டில் ஜான் மர்டாக் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுத் தொண்டர், அதுகாறும் அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து அட்டவணை ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராய் அமர்ந்த எஸ். ஆர். அரங்கநாதனார் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவர் விதிகளுள் நான்காவது. ஒரு பொருளை ஒரே தலைப்பின்கீழ் அடைக்காது, பொருள், இடம், காலம் முதலிய பல முகங்களால் நோக்க வேண்டும் என்பது அவர் பகுப்பின் உயிர்நிலை. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட தொல்காப்பிய நெறியைக் கற்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இசைத்தட்டுத் துறையிலும் இத்தகைய தொண்டுகள் நிகழ்ந்துள்ளன. மைக்கேல் கின்னியர் என்பார் 1899 முதல் 1908 வரை கிராமபோன் கம்பெனியார் செய்த இந்திய ஒலிப்பதிவுகளைத் தொகுத்து 1994-இல் நூலாக்கினார். 1990-இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர், ‘யங் இந்தியா’ என்னும் முத்திரை பெற்ற தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் துணைகொண்டு எண்ணியல் வடிவாக்கினர். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாய் மலர்ந்து, அட்டவணையோடு அறிஞர்க்குப் பயன்படுகின்றன. இவை பெரியோர் செய்த பெருஞ்செயல்கள். ஓர் ஊரின் ஒரு பெட்டிக்கு ஒரு மாணவன் செய்யத்தக்கது யாது என்பதே நம் வினா.

3. தட்டு வேறு, உள்ளுறை வேறு

முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்று உண்டு. தட்டு என்பது கலம். உள்ளுறை என்பது அதனுள் இருக்கும் பொருள். பத்து அங்குல அரக்குத் தட்டு நிமிடத்திற்கு ஏறக்குறைய 78 முறை சுழலும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே கொள்ளும். ஆதலின் ஒரு தட்டிற்கு இரண்டு பாட்டு என்பது பெரும்பான்மை. 1982-இல் வணிகத்திற்கு வந்த குறுவட்டோ எழுபது நிமிடத்திற்கு மேற்பட்ட இசையைக் கொள்ளும். அதே வட்டில் எம்பி3 என்னும் சுருக்க முறையிற் பதிந்தால் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் அடங்கும். அத்தகைய வட்டின்மேல் ‘பக்திப் பாடல்கள் 3’ என்று மட்டும் எழுதியிருப்பின், உள்ளே உள்ளவை யாவை என்பதை அறிதல் எங்ஙனம்? மேலெழுத்தை மட்டும் படியெடுத்து அட்டவணை செய்வார், பெட்டியின் பூட்டை வருணித்து உள்ளிருக்கும் பொன்னை மறந்தவராவர்.

ஆகவே, தட்டுக்கு ஒரு பதிவும், அதன் உள்ளே உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனிப் பதிவும் வேண்டும். இதனை ஒரே நீண்ட பட்டியலில் எழுதப் புகுந்தால், ஒரு தட்டின் செய்தியை நூறு முறை திருப்பி எழுத நேரும்; ஓரிடத்தில் திருத்தியது மற்றோரிடத்தில் திருத்தப்படாது நிற்கும். இவ்விடரை நீக்கவே, எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் உறவுமுறைத் தரவுத்தளம் என்னும் கொள்கையை வெளியிட்டார். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதுக. பிறவிடங்களில் அதன் எண்ணை மட்டும் சுட்டுக என்பதே அதன் சாரம்.

எங்கள் ஊர்த் தறியை நோக்கினார்க்கு இது எளிதில் விளங்கும். பாவு நூல் தனியே நீள ஓடுகின்றது; ஊடை நூல் தனியே குறுக்கே ஓடுகின்றது; இரண்டும் கூடும் இடத்தில் துணி பிறக்கின்றது. அங்ஙனமே தட்டுப் பட்டியும் பெயர்ப் பட்டியும் தனித்தனியே நிற்க, உள்ளுறைப் பட்டி அவ்விரண்டையும் பின்னுகின்றது.

4. நான்கு பட்டிகள்

நாம் கொள்ளத்தக்க பட்டிகள் நான்கு.

முதலாவது தட்டுப் பட்டி. இதில் தட்டெண், தட்டின் வகை, வெளியிட்ட நிறுவனமும் அதன் பட்டியல் எண்ணும், வெளிவந்த ஆண்டு, இருக்கும் பெட்டி, தட்டின் நிலை என்னும் ஆறு புலங்கள் போதும்.

இரண்டாவது உள்ளுறைப் பட்டி. இதில் உள்ளுறை எண், எத்தட்டு, எப்பக்கம் அல்லது எத்தனையாம் கோப்பு, தலைப்பு, முதற்சொற்கள், பாட்டின் வகை, ஓடும் காலம் என்பன அமையும்.

மூன்றாவது பெயர்ப் பட்டி. இதில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணும், தெரிந்தெடுத்த ஒரு பெயர்வடிவமும், அவர் வழங்கப்பெறும் பிற வடிவங்களும் இருக்கும்.

நான்காவது இணைப்புப் பட்டி. இன்ன உள்ளுறையில் இன்னார் இன்ன தொழில் செய்தார் என்பது மட்டுமே இதன் செய்தி. இயற்றியவர், பாடியவர், இசையமைத்தவர், இயக்கியவர் என்னும் தொழில்கள் இங்குக் குறிக்கப்படும். ஒரு பாட்டிற்கு இருவர் பாடியிருப்பின் இரண்டு வரிகள் எழுதினாற் போதும். பட்டியின் அமைப்பை மாற்ற வேண்டுவதில்லை.

இவற்றின் அமைப்பு விளங்குதற்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டுக் காட்டுவாம்.

தட்டுப் பட்டி: தட்டெண் 0147, வகை 78 சுற்று அரக்குத் தட்டு, பெட்டி 6, நிலை: விளிம்பிற் சிறு பிளவு.
உள்ளுறைப் பட்டி: உள்ளுறை எண் 0293, தட்டெண் 0147, பக்கம் 2, வகை: காவடிச்சிந்து.
பெயர்ப் பட்டி: பெயரெண் 12, அண்ணாமலை ரெட்டியார், சென்னிகுளம்.
இணைப்புப் பட்டி: உள்ளுறை 0293, பெயரெண் 12, தொழில்: இயற்றியவர்.

இனி ஒருவர் வந்து, ‘சென்னிகுளத்துக் கவிஞர் பாட்டுகள் எங்கே உள்ளன?’ என்று வினவுகின்றார் என்க. பெயர்ப் பட்டி 12 என்னும் எண்ணைத் தரும். இணைப்புப் பட்டி அவ்வெண்ணும் இயற்றியவர் என்னும் தொழிலும் கூடிய உள்ளுறைகளைத் தரும். உள்ளுறைப் பட்டி தட்டெண்ணையும் பக்கத்தையும் கூறும். தட்டுப் பட்டி ஆறாம் பெட்டி என்று கை காட்டும். முகப்புத்தாளில் புலவர் பெயர் இல்லாவிடினும் விடை கிடைத்துவிடுகின்றது.

புலங்களைப் பெருக்குதல் நன்றன்று. ஆர்வத்தால் முப்பது புலங்களை வகுத்துக்கொண்டு தொடங்குவார், சில தட்டுகளிலேயே சோர்ந்து கைவிடுவர். சில புலங்களோடு முற்றுப்பெற்ற அட்டவணை, பல புலங்களோடு பாதியில் நின்ற அட்டவணையினும் மேலானது. வேண்டியவற்றைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

5. எண்ணிடும் முறை

தட்டெண்ணை எவ்வாறு இடுவது? அகநானூற்றைப் போல எண்ணிலேயே பொருளையும் வைத்தால் என்னை எனின், அது நமக்கு ஏலாது என்க. அகநானூறு நானூறு பாட்டுகளோடு நிறைவுற்ற தொகை. நம் பெட்டியோ நாடோறும் வளர்வது. பக்திக்கு 1 முதல் 500 வரை, நாடகத்திற்கு 501 முதல் 600 வரை என்று வகுத்துவிட்டால், 101-ஆம் நாடகத் தட்டு வரும் நாளில் முறை முறிந்துவிடும். அன்றியும், ஒரு பக்கத்திற் பக்திப் பாட்டும் மறுபக்கத்தில் நகைச்சுவையும் உடைய தட்டை எவ்வகையில் அடக்குவது? ஆதலின், கைக்கு வந்த வரிசையில் தொடரெண் இடுவதே தக்கது. பொருளைப் புலங்கள் கூறட்டும். எண் அடையாளத்தை மட்டும் கூறட்டும்.

மேலும் இரண்டு விதிகள் உள. தட்டு உடைந்து போயினும் அதன் எண்ணை வேறொரு தட்டிற்கு இடலாகாது. இருக்கும் பெட்டியைத் தட்டெண்ணோடு இணைத்தல் ஆகாது. பெட்டி மாறும், எண் மாறாது.

அரக்குத் தட்டுகளில் உற்றுநோக்க வேண்டிய எண்கள் இரண்டு. முகப்புத்தாளில் அச்சிட்டிருப்பது பட்டியல் எண், அது விற்பனைக்குரியது. தாளை அடுத்த வெற்றிடத்தில் அரக்கிலேயே பொறித்திருப்பது அச்செண், அது ஒலிப்பதிவுக்குரியது. ஒரே பதிவைப் பின்னர் வேறு பட்டியல் எண்ணோடு வெளியிடுதல் உண்டு. ஆதலின், இரண்டு தட்டுகள் வேறுபோலத் தோன்றினும், அச்செண் ஒன்றாயின் உள்ளுறை ஒன்றே எனத் துணியலாம். தாள் கிழிந்து போன தட்டுக்கும் அச்செண் எஞ்சி நிற்கும். ஆதலின் அதனை ஒவ்வொரு பக்கத்திற்கும் தனியே குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

6. பெயரும் எழுத்தும்

தமிழில் தேடுவார்க்குப் பெருந்தடை பெயர்வேறுபாடே. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். சங்கரன்கோவில் என்பாரும், சங்கரன்கோயில் என்பாரும், பழைய ஆவண வழக்கைப் பின்பற்றிச் சங்கரநயினார்கோவில் என்பாரும் உளர். மூன்றும் ஓர் ஊரே என்பது நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. அரியும் அரனும் ஒருருவாய் நிற்கும் திருமேனியை உடையது இவ்வூர்க் கோயில். ஒன்றே இரு பெயர் பெறுதல் இவ்வூரார்க்கு வியப்பன்று. கணிப்பொறிக்கு அதனை நாமே கற்பித்தல் வேண்டும். ஒரு வடிவத்தைத் தலைமை வடிவமாகக் கொண்டு, ஏனையவற்றை ‘இதனைக் காண்க’ என்று அதன்கீழ் அடக்குதலே வழி. பெயர்ப் பட்டியில் ‘பிற வடிவங்கள்’ என்னும் புலம் வைத்தது இதன்பொருட்டே.

புணர்ச்சி மற்றொரு தடை. காவடிச்சிந்து என்று சேர்த்து எழுதியதைக் காவடி சிந்து என்று பிரித்து எழுதித் தேடுவார்க்கு விடை வாராது. தேடுதற்கென்றே தனிப் புலம் ஒன்று வைத்து, அதில் இடைவெளியையும் வல்லொற்றையும் நீக்கிய வடிவத்தைக் கணிப்பொறியே எழுதிக்கொள்ளுமாறு செய்யலாம். தேடுவார் தரும் சொல்லையும் அவ்வாறே மாற்றி ஒப்புநோக்கின், இரண்டும் காவடிசிந்து என்று ஒன்றுபடும். காட்சிக்குரிய வடிவம் இலக்கணத்தோடு நிற்கும். தேடலுக்குரிய வடிவம் மறைவில் நின்று தொண்டு செய்யும்.

மூன்றாவது தடை கண்ணுக்குப் புலப்படாதது. ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரமும் ஒகரக்குறியுமாக எழுதலாம். ககரமும் கொம்பும் காலுமாக மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறியின் உள்ளே வெவ்வேறு. ஔகாரக்குறியிட்டு ‘கௌ’ என்று எழுதுதற்கு மாறாகக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெள’ என்று எழுதுவாரும் பலர். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இருவகை எழுத்துக்கோவை உண்டு. ஆதலின், பதிவு ஒவ்வொன்றையும் சேர்க்குமுன் ஒரே நெறிப்பட்ட வடிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னர் எழுதப்பெற்ற குறுவட்டுகளில் கோப்புகளின் பெயர்கள் பழைய எழுத்துருக்களில் இருப்பின், அவை இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றைப் பிழையென்று நீக்கிவிடாது, உரிய மாற்றியைக் கொண்டு மாற்றிப் படித்தறிதல் கடன்.

7. தெரியாதது தெரியாதென எழுதுதல்

அட்டவணையாளன் வரலாற்றாசிரியனைப் போல நடுநிலை உடையனாதல் வேண்டும். தட்டின்மேல் உள்ளதை உள்ளவாறே எழுதுக. தட்டில் இல்லாததும் தான் வேறு வழியால் அறிந்ததுமான செய்தியைப் பகர அடைப்பினுள் எழுதுக. இயற்றியவர் பெயர் அச்சிட்ட தட்டில் இல்லாது, பாட்டைக் கேட்டு அச்சிட்ட நூலோடு ஒப்புநோக்கி அறிந்தோமாயின், அதற்கு அடைப்பு வேண்டும். பின்வருவோர் இதனால், தட்டு கூறியது யாது, நாம் கூறியது யாது எனப் பிரித்துணர்வர்.

ஒன்றும் அறியக்கூடவில்லையாயின் புலத்தை வெறிதே விடாது ‘அறியப்படவில்லை’ என்று எழுதுக. வெற்றுப்புலம் இருபொருள் படும்: பார்த்தும் கிடைக்கவில்லையோ, பார்க்கவேயில்லையோ என ஐயம் எழும். பாடியவர் பெயரறியாத பாட்டுகள் பலவாயின், குறுந்தொகை தொகுத்தார் நெறியைப் பின்பற்றி, ‘0293-ஆம் பாட்டின் பாடகி’ என்பதுபோல நிலையான அடையாளம் ஒன்று கொடுக்கலாம். என்றேனும் ஒருநாள் அக்குரலை அறிந்த முதியவர் ஒருவர் வந்து பெயர் கூறின், ஓரிடத்தில் திருத்தினாற் போதும். அவர் பாடிய பாட்டெல்லாம் உடனே பெயர் பெறும். இஃது அவசரப் பணியும் ஆகும். குரலை அடையாளம் கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தட்டு இன்னும் சில காலம் காத்திருக்கலாம், அவர் காத்திரார்.

8. காவல்

அட்டவணையை அமைத்தற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்குவது. சாதாரணக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்குவது. அது கைவாராதார் விரிதாளில் நான்கு தாள்களாக எழுதித் தொடங்கலாம். நான்கு பட்டிகள் என்னும் நெறி பிறழாதிருப்பின் பின்னர் மாற்றுதல் எளிது.

கோப்புகளை உடைய குறுவட்டுகளுக்கு, உள்ளே உள்ள கோப்புகளின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றைக் கணிப்பொறியே படித்து எழுதிவிடும். அப்பொழுதே ஒவ்வொரு கோப்பிற்கும் சரிபார்ப்பெண் ஒன்றைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுதல் நலம். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். ஆதலின் ஓராண்டு கழித்து மறுபடி கணக்கிட்டு ஒப்புநோக்கின், எக்கோப்புச் சிதைந்தது என்பது தெரியவரும். இரு வட்டுகளில் உள்ள ஒரே கோப்பையும் இவ்வெண் காட்டிக்கொடுக்கும். எழுதத்தக்க குறுவட்டுகள் ஒளியாலும் வெப்பத்தாலும் கெடுவன. எங்கள் பக்கத்துக் கோடையோ கடுமையானது. அரக்குத் தட்டோ கீழே விழின் நொறுங்குவது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். குறுவட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டுதலும் கூரிய எழுதுகோலால் எழுதுதலும் ஆகா, உறையின்மேல் எழுதுக.

அட்டவணைக்கும் காவல் வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைக் கலங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது காப்பகத்தார் கைக்கொள்ளும் நெறி. அவற்றோடு, எந்த மென்பொருளுமின்றிப் படிக்கத்தக்க எளிய எழுத்துக்கோப்பாக ஒரு படியும், தாளில் அச்சிட்டு உரிமையாளர் கையில் கொடுத்த ஒரு படியும் இருத்தல் சாலச் சிறந்தது.

9. ஐயமும் விடையும்

‘இணையத்தில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்பொழுது இம்முயற்சி எற்றுக்கு?’ என்று நண்பர் சிலர் வினவினர். இணையத்திற் கிடைப்பது எவரேனும் ஒருவர் ஏற்றியதே. ஏற்றுதற்கு முன் அது ஒருவர் பெட்டியில் இருந்திருத்தல் வேண்டும். எங்கள் பெட்டியில் உள்ள ஊர்க்கொடைப் பாட்டும், உள்ளூர் வில்லுப்பாட்டும், வழிபாட்டுக் குழுவினர் பதிந்த கீர்த்தனையும் அங்கு இல்லையாயின், பெட்டியே அவற்றின் ஒரே இருப்பிடம். எவை அங்கு உள, எவை இல்லை என்பதை அறிதற்கும் அட்டவணையே துணை.

‘படியெடுத்துப் பரப்பினால் உரிமைச் சட்டம் தடுக்காதோ?’ எனின், அட்டவணை செய்தல் வேறு, படியெடுத்துப் பரப்புதல் வேறு. இன்ன தட்டில் இன்ன பாட்டு உளது என்று எழுதுதற்குத் தடையில்லை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளிவந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டு நிற்கும். வெளிவந்த ஆண்டு என்னும் புலத்தின் அருமை இதனாற் புலனாம். அதனை அறியாதார் எதனைப் பரப்பலாம், எதனைப் பரப்பலாகாது என்று துணியவும் மாட்டார்.

10. முடிவுரை

அட்டவணை முற்றுப்பெற்றது என்பதற்கு அடையாளம் யாது? பக்கங்களின் எண்ணிக்கை அன்று. பெட்டியைப் பாராத ஒருவர் வந்து, ‘இப்புலவர் பாட்டு உளதா? இவர் குரல் உளதா? இவ்வாண்டுத் தட்டு உளதா?’ என்று வினவுங்கால், உரிமையாளரை அழையாமலே விடையும் பெட்டியெண்ணும் கிடைக்குமாயின், அது முற்றுப்பெற்றது எனலாம். கிடைக்காத வினா ஒவ்வொன்றும் அடுத்துத் திறக்க வேண்டிய வாயிலைக் காட்டும்.

தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கு இப்பணியிற் சிறப்புரிமை உண்டு. கணிப்பொறி வல்லார் பட்டிகளை வகுத்துத் தருவர். ஆனால் சிந்து யாது, கண்ணி யாது, இப்பாட்டு எப்புலவர் வாக்கு, இச்சொல் எவ்வாறு புணர்ந்தது என்பவற்றை இலக்கணமும் இலக்கியமும் கற்றாரே கூறவல்லார். ஏட்டுச்சுவடி தேடி ஊரூராய் நடந்த பெரியோர் காலத்தில் நாம் பிறக்கவில்லை என வருந்த வேண்டுவதில்லை. நம் காலத்துச் சுவடிகள் நம் ஊர்களிலேயே, அட்டைப் பெட்டிகளில், தூசி படிந்து கிடக்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, அதற்கு ஓர் எண் இட்டு, அதன் உள்ளுறையை எழுதுவாராக. பெயர் மறைந்த புலவர்க்கும் பாடகர்க்கும் நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.